கடைசி லோடு

தன் வீட்டை ஒட்டிய சதுப்பில் தான் அனுமதியில்லாமல் கொட்டிய முப்பது லோடு மண்ணையும் அள்ளவைத்த அதிகாரி செண்பகவல்லியைத் தணிகாசலம் கோடை முழுக்கத் திட்டித் தீர்த்தார். ஐப்பசியில் ஆறு நாள் விடாத மழை. ஏரி உடைந்து வந்த வெள்ளம் தணிகாசலத்தின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, சதுப்பில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

ஏழாம் நாள் பார்வையிட வந்த செண்பகவல்லி, கோரைக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு நின்ற தணிகாசலத்தைக் கண்டு ஜீப்பை நிறுத்தினார்.

"மறுபடியும் கொட்டுறீங்களா?"

"அள்ளுறேம்மா. உங்க கணக்குல வராம இன்னொரு லோடை இங்க மறைச்சு வச்சிருந்தேன்."

"தண்ணி வடிஞ்சப்புறம் அள்ளலாமே?"

"எங்க வீட்டுக்குள்ள வராம இங்க வந்து படுத்திருக்கும்மா. நீட்ட இடமில்லாம காலை மடக்கிக்கிட்டு."

சொட்டச் சொட்டக் கூடையைத் தூக்கினார். கரையிலிருந்து செண்பகவல்லி இரண்டு கைகளையும் நீட்டினார்.