தொலைநோக்கியின் மூடி

செயற்கைக்கோளில் இருந்த தொலைநோக்கியின் மூடியை அமைச்சர்தான் பொத்தானை அழுத்தித் திறந்து வைப்பார் என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சூரியன் அழைப்பிதழைப் படிக்கவில்லை. அமைச்சர் வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே வெடித்தது.

"திறந்துடலாம் சார். இப்படி ஒரு வெடிப்பைப் பார்க்கத்தானே ஒன்பது வருஷமா இந்தக் கருவியைச் செஞ்சேன்," என்றாள் கட்டுப்பாட்டு அறையில் இருந்த விஞ்ஞானி செண்பகவல்லி.

"பொறும்மா. சூரியன் எங்க ஓடிடப் போகுது?" என்றார் இயக்குநர்.

பக்கத்துத் திரையில், வேறொரு நாட்டின் செயற்கைக்கோள் அந்த வெடிப்பை முழுதாகப் படம்பிடித்து முடித்தது.

அமைச்சர் வந்து அழுத்தினார். சூரியன் வட்டமாக, சாதுவாகத் தெரிந்தது.

"வெடிக்கும்னாங்களே, எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

"ஐயா வந்ததும் அடங்கிடுச்சுங்க," என்று இயக்குநர் முந்திக்கொண்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பூங்கொத்து கொடுக்கச் செண்பகவல்லியைத்தான் கூப்பிட்டார்கள்.