மத்தியானக் கதவு

நோன்பு மாதத்திலும் மணி பன்னிரண்டு அடித்தால் மொய்து ராவுத்தர் தையல் கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். அரை மணி கழித்து முகம் தெளிந்து வெளியே வருவார். ஒளிந்து சோறு தின்கிறார் என்று கொல்லங்கோட்டுக் கடைத்தெரு என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டது.

"இன்னிக்கு என்ன கொழம்புங்க?" என்று எதிர்க்கடை பரீது தினமும் கேட்பார். ராவுத்தர் சிரிப்பாரே தவிர, மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் கடைசிப் பலகையைச் சாத்தத் தூக்கும் நேரத்தில் ஆறுமுகசாமி வந்து நின்றார். எருத்தேன்பதித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். சித்திரை வெயிலில் தோட்டத்து ஆட்களெல்லாம் வெற்றுடம்போடு திரிய, அவர் மட்டும் காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"ஒரு பனியன் தெச்சுக் குடுக்கோணுமுங்க ராவுத்தரே. கையில்லாம, நெஞ்சோட ஒட்டி, நல்லா இறுக்கமா."

"பனியனத் தெச்சுப் போடற ஆள இப்பத்தான் பாக்கறேன். எதுக்குங்க இறுக்கம்?"

"விலாவுல அடிங்க. இஞ்சின் கைப்பிடி திரும்பி அடிச்சிருச்சு."

"எப்ப?"

"போன சித்திரையில."

"ஒரு வருசமா வலிக்குதா? வைத்தியர மாத்துங்க இஞ்சின்காரரே" என்ற ராவுத்தர், அவரை உள்ளே வரச் சொல்லி அளவு நாடாவை எடுத்தார். ஆனால் கிட்டே வரவில்லை. நாடாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்களே பிடிச்சு அளவச் சொல்லுங்க."

ஆறுமுகசாமி நாடாவைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தார். தொட்டு அளக்காத தையல்காரர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்தது பெண் பெயர். அதை உடுமலைப் பக்கம் விட்டுவிட்டு இங்கே வந்து ஆண்பிள்ளையாக வாழத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. பழைய வேட்டியைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே காக்கியை மாட்டிக்கொள்வார். உள்ளே போனால் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று கோயில் வாசலோடு திரும்பிவிடுவதால், கருப்புச் சட்டைக் கட்சிக்காரர் என்று ஊர் பேர் வைத்துவிட்டது. அந்தப் பேர் அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

போன வாரம் முத்தாத்தாள் தோட்டத்தில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். காற்றுப் படட்டும் என்று யாரோ மூன்றாவது பொத்தானை அவிழ்க்கும்போது நல்லவேளையாகக் கண் விழித்துக்கொண்டார். இன்னொரு தரம் விழுந்தால் தொழிலும் ஊரும் ஆறுமுகசாமி என்ற பெயரும் அன்றோடு போய்விடும்.

"எத்தன சுத்துச் சுத்தறீங்க?" ராவுத்தர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

ஆறுமுகசாமி நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நாலுங்க."

"கோடையில நாலு சுத்தா? வேட்டித் துணி வேர்வையக் குடிச்சுத் தோலெல்லாம் வெந்து போயிருக்குமே. மெல்லிசு மல் துணியில ஒத்தை மடிப்பாத் தெச்சு, பக்கவாட்டுல கொக்கி வெக்கறேன். ரெண்டா வெச்சுக்குங்க, தெனமும் தொவைக்கோணும். உள்ள ஒரு வெரலாவது நுழையோணும், மூச்சு முட்டவே கூடாது. படுக்கையில போடாதீங்க."

ராவுத்தர் அதோடு நிறுத்தவில்லை.

"கட்சிக்காரர்னு கருப்புத் துணி கேட்டுறாதீங்க, வெயில இழுக்கும். அப்புறம், உச்சி வெயில்ல அரை மணி நேரம் அவுத்துப் போட்டுருங்க. ஒடம்பு காத்து வாங்கட்டும். அதுக்கப்புறம் பொழுது சாயற வரைக்கும் தாங்கும்."

இவ்வளவும் தெரிந்த ராவுத்தருக்கு வாய் சும்மா இருக்குமா? இந்தக் கடையில் காலையில் பேசியது சாயங்காலத்துக்குள் பாலக்காடு போய்ச் சேரும் என்பது பிரசித்தம். ஆறுமுகசாமி தப்பிக்க வழி தேடி உள்ளறையை எட்டிப் பார்த்தார். ஒரு பாயும் பனைவிசிறியும்தான் கிடந்தன. சோற்றுச் சட்டியை மனுஷன் நன்றாகத்தான் மறைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"ராவுத்தரே, நாம ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கலாமுங்க" என்றார். "நோன்பு மாசத்துல நீங்க உள்ள சாப்பிடறதில்லைன்னு நான் சாட்சி சொல்றேன். பாயில சும்மா உக்காந்து விசிறிக்கிட்டிருந்தாரு, என் கண்ணால பாத்தேன்னு பரீதுகிட்டப் பொய்ச் சத்தியமே பண்றேன். நீங்க என்னைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடாம இருந்தாப் போதுமுங்க."

ராவுத்தர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தார். பிறகு கடைசிப் பலகையைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தன் சட்டையின் கழுத்துப் பொத்தானில் கை வைத்தபடி மெல்லக் கேட்டார்:

"இருவது வருசமா மத்தியானம் கதவச் சாத்திட்டு நான் சோறா திங்கறேன்னு நெனச்சீங்க?"