இரண்டாவது மெர்சிலின்

என் மகள் மெர்சிலின் கடற்படையில் இருக்கிறாள். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று இணையத்தில் எவனும் மோப்பம் பிடிக்கக் கூடாதே! அதற்காகக் கடற்படையே ஒரு போலி மெர்சிலினைச் செய்து கொடுத்திருக்கிறது. திரையில் மட்டும் வாழும் அவள், கோவையில் கேக் கடை நடத்துவதாக ஊரை நம்பவைத்துவிட்டு, தினமும் மதியம் வீட்டுக்குப் பேசுவாள். அவளோடு பேசிப் பேசியே என் மனைவி செல்வராணி மூன்று செல்பேசிகளைத் தேய்த்துவிட்டாள்.

நேற்று அசல் மெர்சிலின் யாருக்கும் தெரியாமல் விடுமுறையில் வந்தாள். தட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

"எம்மா, மீன் எங்க?"

"நீதானட்டி மீனை விட்டுட்டேன்னு சொன்ன!"

"நானா சொன்னேன்? அந்தச் சிறுக்கி சொன்னாளா?"

அவள் விட்ட மூச்சில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. அந்த நேரம் பார்த்து செல்பேசி அடித்தது. செல்வராணி அதை அணைக்கப் போனாள்.

"எடும்மா. எடுக்கலைன்னா நான் வந்திருக்கது ஒட்டுக்கேக்கவனுக்குத் தெரிஞ்சிரும்" என்று பல்லைக் கடித்தாள் மகள்.

"சாப்ட்டியாட்டி, கண்ணு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள் செல்வராணி.

"சாப்ட்டேம்மா" என்றாள் போலி.

கேமராவில் படாமல் தரையில் உட்கார்ந்திருந்த என் மகள், தொடாத தட்டை அம்மா மடியில் வைத்துவிட்டு, ஒரு கப்பலே நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்தாள்.