இப்பத்தான் வந்துச்சு

கோச் பேசி முடித்து, ஃபோனை அணைத்து, டிராக் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அழைத்தவள் மெர்லின். கோல்கீப்பர் ரீகனின் தங்கை.

ஆட்ட நாட்களில் வீரர்களின் ஃபோன்களை வாங்கிப் பூட்டிவிடுவது அவர் வைத்த சட்டம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ரீகன்தான் வீட்டில் கோச்சின் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தான்.

“அப்பா அவனையே கேட்டுக்கினு இருக்காரு சார். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. கொஞ்சம் அனுப்பி வைங்க.”

ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆட்டோ பிடித்தால் முதல் பாதி முடிவதற்குள் போய்விடலாம்.

பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வாசலில் இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் நுழைய வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் கோட்டை எஃப்.சி. ஒரே ஊர், ஒரே மைதானம், ஆகாத பங்காளிகள். லீக் தொடங்கியதிலிருந்து அவர்களை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

ஒவ்வொரு தோல்விக்கும் பத்திரிகைக்காரர்களிடம் அவர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். மழை. நடுவர். புல் சரியில்லை. போன தடவை, பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இன்றும் தோற்றால் வேலை போய்விடும். மாற்று கோல்கீப்பருக்கு விரலில் மாவுக்கட்டு.

ரீகன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான்.

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இடைவேளையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். இடைவேளையின்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை.

ரீகனிடம் போனார். தோளில் கை வைத்தார். அவன் தண்ணீர் பாட்டிலை இறக்கிவிட்டு நிமிர்ந்தான்.

“கார்னர் வந்தா ரொம்ப முன்னால ஏறாத” என்றார்.

இரண்டாம் பாதியில் எப்படியோ இவர்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. கடைசியில் கோட்டைக்கு ஒரு பெனால்டி. ரீகன் வலது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான்.

விசில் ஊதியதும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மெர்லின் ஃபோன் செய்த விஷயத்தைக் காதில் சொன்னார்.

“எப்ப கோச்?”

“இப்பத்தான் வந்துச்சு.”

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அன்றைக்குப் பத்திரிகையாளர் சந்திப்பில் யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

மறுநாள் காசிமேட்டில் ரீகன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தார். மெர்லினுக்குச் சொல்ல ஏதேதோ யோசித்து வந்திருந்தார். ஃபோன் சரியாகக் கேட்கவில்லை என்று. அவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று நினைக்கவில்லை என்று.

ரீகன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். வார்டில் எல்லோரும் ரேடியோவில் கமென்டரி கேட்டார்களாம். பெனால்டியைத் தடுத்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்ததாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிறகு தங்கையைப் பார்த்துக் கேட்டான், இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா என்று.

மெர்லின் கோச்சைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண்கள். நெடுநேரம் பார்த்தாள்.

“மேட்ச் முடிஞ்சப்புறம்தாண்ணா பண்ணேன். எனக்கு ஒண்ணும் ஓடல.”

ரீகன் தலையாட்டினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள், போனான்.

அவர் மெதுவாக அவள் பக்கம் நகர்ந்தார். “ஃபோன்...” என்று ஆரம்பித்தார்.

“அவனுக்குத் தெரிய வேணாம் சார்” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். “அந்தப் பெனால்டி ஒண்ணுதான் அவனுக்கு இப்ப மிச்சம்.”

வெளியே தேவாலயத்து வண்டி வந்து நின்றது. பெட்டியை மூடினார்கள். பெண்களின் அழுகை உயர்ந்தது. அவர் சுவரோடு ஒட்டி, வழி விட்டு நின்றார்.

பெட்டி வாசலுக்கு வரவில்லை.

“கோச்” என்று ரீகன் உள்ளிருந்து கூப்பிட்டான்.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு பக்கம் அவன் குனிந்து நின்றிருந்தான். மறுபக்கம் யாரையும் பிடிக்க விடவில்லை.

அந்த இடத்தை அவருக்கு வைத்திருந்தான்.