லோரன்ஸின் வரிசை

"கையிலயே வாங்கிக்கிறேம்மா," என்றான் ரொஹான், உதடு அசையாமல்.

"வாயிலதான் வாங்கணும்," என்றாள் மரியகொறற்றி.

கோயிலில் இரண்டு வரிசை. ஒன்றில் பங்குச் சுவாமி நற்கருணை அப்பம் கொடுத்தார். மற்றதில், அவருக்கு உதவியாக, கடைக்கார லோரன்ஸ். சுவாமியின் வரிசைதான் சிறியது. அவள் மகனைத் தோளில் பிடித்து லோரன்ஸின் வரிசையில் நிறுத்தினாள். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

மடுல்கெல்லயில் இப்போது எல்லாரும் கையை நீட்டித்தான் வாங்குகிறார்கள்.

ரொஹானின் முறை வந்தது.

"கிறிஸ்துவின் திருவுடல்."

அவனுடைய ஆமென் பல்லுக்குள்ளேயே நின்றது. ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட அந்த வாய் திறக்காது. கன்னத்து உள்சதை இறுகிவிட்டது என்று கண்டி டாக்டர் சொல்லியிருந்தார். பதினேழு வயது.

லோரன்ஸ் அப்பத்தை இரண்டாக உடைத்தார். நுழையவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.

மரியகொறற்றி மகனின் தோளுக்கு மேலாக எட்டி மெல்லச் சொன்னாள்.

"இன்னும் சின்னதா ஒடைங்கண்ணே. ஒங்களுக்குப் பழக்கந்தானே."

லோரன்ஸ் குனிந்தபடியே மறுபடி உடைத்தார்.

ரொஹான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது, வாயில் அடக்கும் புகையிலைக்கு வரி கூடியது. பக்கெட் விலை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போனது. அவனும் விட்டுவிட்டான். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அரசாங்கத்துக்கு அவள் மெழுகுதிரி கொளுத்தாத குறை.

பிறகு லோரன்ஸ் பக்கெட்டுகளைப் பிரித்தார். பஸ் காசுக்குள் அடங்கும்படி சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கடை முன்னால் வைத்தார்.

துணுக்கு ஒன்று ஒருவழியாகப் பற்களுக்கிடையே போனது. லோரன்ஸின் விரலில் பையனின் எச்சில். எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார். மரியகொறற்றிக்கு வயிறு குளிர்ந்தது.

ரொஹான் நகர்ந்தான். அடுத்தது அவள்.

லோரன்ஸ் முழு அப்பம் ஒன்றை உயர்த்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னைக்காவது வாங்கிக்கங்க தங்கச்சி."

மனதில் பகை இருக்கிறவர்கள் நற்கருணை வாங்கக் கூடாது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ரொஹானைத் தயார்படுத்தியபோது அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

மரியகொறற்றி கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடியபடி, அவரைக் கடந்து போனாள்.