துறைக்கு ஒரு வீடு

நகரத்தின் ஒவ்வொரு வீடும், மாணவர்கள் வந்து குறை தீர்ப்பதற்காக, பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு துறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. துணி தைத்துப் பிழைக்கும் நூர்நிஷாவின் வீடு உளவியல் துறைக்கு. அண்மையில் கணவனைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக் கனகவல்லிக்கு இயந்திரப் பொறியியல் துறை.

நூர்நிஷாவின் தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. காலையில் வந்த மாணவி தாரிகா கேட்டாள், "மெஷின் ஓடலைன்னதும் மனசு எப்படி இருக்குக்கா?"

"எரியுதும்மா. பக்கத்து வீட்டுக்கு வர்ற இன்ஜினியரிங் பசங்கள வரச் சொல்லேன்."

"அவங்க இந்த வாசப்படி ஏறினா மார்க்கைக் குறைச்சிடுவாங்கக்கா."

பக்கத்து வீட்டில் கனகவல்லி அழுதுகொண்டிருந்தாள். எதைப் பழுதுபார்க்கட்டும் என்று இரண்டு மாணவர்கள் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நூர்நிஷாவுக்குப் பொறுமை போய்விட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

"நீ போய் என் வீட்டுல உக்காரு," என்றாள் கனகவல்லியிடம்.

மெஷின் அரை மணி நேரத்தில் ஓடியது. அவள் திரும்பியபோது, கனகவல்லி தாரிகாவின் தோளில் சாய்ந்து கணவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நூர்நிஷா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மறுவாரம், இரு வீடுகளின் குறைகளும் தீர்ந்துவிட்டதாக அறிவித்த பல்கலைக்கழகம், இரண்டையும் வேளாண்மைத் துறைக்கு மாற்றியது. தாரிகா இனி வர முடியாது. கனகவல்லிக்கோ சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது.

புதிய மாணவன் மரக்கன்றோடு சிமெண்ட் வாசலில் நின்றான்.

"எங்கக்கா நடட்டும்?"

"என் தலையில நடு," என்ற நூர்நிஷா, அவனைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"மிச்சத்தை எங்கிட்ட சொல்லு, புள்ள."