சிக்னலுக்கு அந்தப் பக்கம்

"அங்கிள், கண்ணைத் திறங்க! இது டிரைவிங் ஸ்கூல் வண்டி இல்ல, என் பக்கம் பிரேக் கிடையாது!"

டிரைவிங் டீச்சர் போட்ட சத்தத்தில் பேக்கரிக்காரர் பதறிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். இருவரும் சீட்டில் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். வண்டி சாலையோரமாக நின்றது. கொஞ்ச தூரத்தில் அந்த நாற்சந்தி சிக்னல்.

"டெஸ்ட்ல பாஸ் பண்ணியாச்சு, லைசென்ஸும் கைக்கு வந்தாச்சு. ஊர்ல வேற எந்தச் சிக்னலுக்கும் நீங்க பயப்படறதில்ல. இதைக் கண்டா மட்டும் ஏன் அங்கிள் இப்படிப் பண்றீங்க?"

"வேற வழியா போக முடியாதா டீச்சர்?"

"பாலத்துல வேலை நடக்குது. இதை விட்டா வழி கிடையாது. பத்து மணிக்குள்ள குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். காலில் ஆபரேஷன் முடிந்த குழந்தை. வாரம் தவறாமல் பயிற்சிக்குப் போனால்தான் நடக்க முடியும். பஸ்ஸில் ஏற்றி இறக்கி, நேரம் தப்பி, பாதி வாரங்கள் வீணாகியிருந்தன. இன்றைக்கும் வராவிட்டால் வேறு பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இதற்காகத்தான், பேக்கரியே கதி என்று கிடந்த மனிதர், தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மாவு பிசைந்து பழகிய கை, இப்போது ஸ்டியரிங்கைப் பிசைந்துகொண்டிருந்தது.

"பேத்திக்காக இந்த வயசுல இவ்வளவு பாடுபடறீங்க. இந்த ஒரு சிக்னலைத் தாண்ட மாட்டீங்களா?"

அவர் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"டீச்சர், என் பொண்டாட்டி இங்கதான் போனா."

டீச்சர் சட்டென்று சிக்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினா. நடக்கறவங்களுக்குப் பச்சை விழுந்தப்புறம்தான் கால் எடுத்து வச்சா. ஒருத்தன் போனைப் பார்த்துக்கிட்டே காரை விட்டுட்டான். நான் எதிர்ல நின்னு பார்த்துட்டே இருந்தேன்."

"அவனைச் சும்மாவா விட்டாங்க?"

"விடுவேனா? நான்தானே சாட்சி. ரெண்டு வருஷம் உள்ள தள்ளினாங்க. ஆயுசுக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு லைசென்ஸையும் பிடுங்கிட்டாங்க."

"நல்லா வேணும். அவன் குடும்பமே விளங்காது!"

"நானும் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிப்பது பற்றி வரும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இவர் வாயை இறுக மூடிக்கொள்வார். அடுத்த வரிக்கு மறுபடி சேர்ந்துகொள்வார். போதகர் ஒருநாள் கேட்டே விட்டார். "சொன்னா பொய்யாயிடும் ஐயா. ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

"கிளம்புவோம் அங்கிள். மணி ஒன்பதரை ஆச்சு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

வண்டி ஊர்ந்தது. சிக்னலில் சிவப்பு. நடப்பவர்களுக்கான வரிக்கோட்டில் ஒரு பெண் பையோடு கடந்துபோனாள். அவள் அந்தப் பக்கம் ஏறுகிற வரைக்கும் அவர் மூச்சே விடவில்லை.

பச்சை விழுந்தது. கிளட்சை அவசரமாக விட்டதில் எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் ஒரு பஸ், ஹாரனிலேயே திட்டியது.

"அவன் கத்தட்டும், நீங்க காதுல போட்டுக்காதீங்க. சாவியைத் திருப்புங்க. ஆங்... மெதுவா."

"ஆண்டவரே, ஆண்டவரே" என்று வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே அவர் வண்டியைக் கிளப்பினார். முன் சக்கரம் வரிக்கோட்டில் ஏறி இறங்கியது. பின் சக்கரமும் இறங்கியது. அவ்வளவுதான், தாண்டியாகிவிட்டது.

"சூப்பர் அங்கிள்! இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

ஆனால் அவருடைய பயம் அடங்கவில்லை. சொல்லப்போனால் கூடியது. குழந்தை இருந்த தெருவுக்குள் திரும்பும்போது ஒருமுறை, அப்படியே பேக்கரிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

கடைசி வீட்டு வாசலில், காலில் கட்டுப் போட்ட சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். வண்டியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பின் கதவைத் திறந்து பிள்ளையை மெதுவாக உட்காரவைத்தார். தானும் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"என்ன அங்கிள், உங்க வண்டியில ஏற உங்க மருமகனே இப்படிக் கூச்சப்படறாரு?" என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

"மருமகன் இல்ல டீச்சர்." பேக்கரிக்காரர் கஷ்டப்பட்டுப் பின்பக்கம் திரும்பினார். "ஏறுங்க தம்பி, நேரமாச்சு" என்றார். பிறகு டீச்சர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆயுசுக்கும் இவரு வண்டி ஓட்டக் கூடாதுன்னு கோர்ட்டுல நின்னு சாதிச்சவன் நான்தானே? அப்புறம் இவரு பிள்ளையை வேற யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"